இரும்பு ஏறாத கரடு

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கத் தெரியாத வாய். இருபத்திரண்டு வருஷமாகச் சின்னசேலத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறேன். வண்டியில் ஏறியவன் பேசினாலும் பேசாவிட்டாலும் நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின தொண்டை. இந்த வாய் ஒரு மார்கழி மாதம் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். பெயர் ஜெயப்பிரகாஷ். மலையில் எல்லோருக்கும் பிரகாசு.

நொச்சிவளவு, வெள்ளிமலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே. முப்பது வீடு இருக்கும். ஊருக்கு மேற்கே மொட்டையாக ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று, நிற்கிறது. உச்சியில் கோயில் என்று எதுவும் கிடையாது, மூன்று கல் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் சாமி. அந்தக் கரட்டில் இரும்பு ஏறக்கூடாது. அடிவாரத்தில் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. மேலே போகிறவர்கள் அரிவாள், கொத்து, சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பெண்கள் தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கைக்கூடக் கழற்றி வைப்பார்கள். தைப் பொங்கலுக்கு முன்னால் அங்கே பொங்கல் வைக்கும்போது மண்பானை, மரக்கரண்டி. விறகை வெட்டமாட்டார்கள், கையால் ஒடித்தது மட்டும்தான். நான் கீழ்நாட்டான், எனக்கு இதெல்லாம் வேடிக்கை. "உங்க சாமிக்கு ஊக்கு குத்திடுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பூமிக்கு அடியில் எங்கே என்ன கல் இருக்கிறது என்று படம் போடுகிற சர்க்கார் ஆட்கள் மலைக்கு வந்தார்கள். மூன்று மாதத்துக்கு என் ஜீப்தான் வாடகை. அதிகாரி அன்புச்செல்வன், அப்போது சின்ன வயசு, நல்ல பையன், எங்களோடு உட்கார்ந்து களி தின்பார். மலைப் படத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கல் உடைத்து, நம்பர் போட்ட துணிப்பைக்குள் போட்டுக் கட்டவேண்டும். சுத்தியலையும் பைகளையும் தூக்கிக்கொண்டு வழி காட்ட ஒரு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார். நொச்சிவளவு மூக்கனை நான்தான் சேர்த்துவிட்டேன். அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான்.

மூக்கன் என் வயசுக்காரன். ஒல்லி, ஆனால் நாற்பது கிலோ கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு கரடு இறங்குவான், மூச்சு வாங்காது. பேச்சுதான் கம்மி. நான் பேசுவேன், அவன் கேட்பான், அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஓடியது.

நாற்பத்தேழாம் நம்பர் சதுரம் அந்தக் கரட்டு உச்சியில் விழுந்தது. முந்தின நாள் ஓடையில் வழுக்கி அதிகாரிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. ஜீப்பிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மூக்கனிடம் பையைக் கொடுத்தார்.

"மூக்கா, உச்சியில தரையோட சேந்த பாறையில ஒடச்சி எடு. உதிரியா கெடக்குறது வேணாம். புரியுதா?"

"சரிங்க" என்றான்.

சரிங்க. அங்கேதான் ஆரம்பம். மலைக்காரன் வாயிலிருந்து ஒரு அதிகாரியைப் பார்த்து 'முடியாதுங்க' என்று வரவே வராது. கேட்டதும் சரிங்கதான். பிறகு தனியாகப் போய்த் திண்டாடுவான்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு நானும் பலகைக்கல் வரைக்கும் போனேன். அங்கே நின்றுவிட்டான். சுத்தியலைக் கல்மேல் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"இன்னாடா நின்னுக்கினு?"

"இரும்பு ஏறக்கூடாது பிரகாசு."

"அப்ப அவருகிட்ட சொல்லு."

"சரின்னுட்டேனே."

எனக்கோ அவசரம். பனி மூடிவிட்டால் கொண்டை ஊசி வளைவில் பத்தடி தூரம் தெரியாது. அப்போது சொன்னேன், இந்த வாயால் சொன்னேன்: "அட, உங்கொல்லயில கெடக்குதே கருப்பா ஒரு பாறை, அதுல ரெண்டு ஒடச்சி போடு. கல்லு மேல பேரா எழுதியிருக்குது? யாருக்குத் தெரியப் போவுது?"

மூக்கன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு ஓடையைத் தாண்டித் தன் கொல்லைக்கு, அதாவது சாமைக் காட்டுக்கு, நடந்தான். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. உடைத்து எடுத்து வந்தான்.

அதிகாரி கல்லைக் கையில் வாங்கியதும் கனத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பேனாவில் இருந்த காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. மனிதர் வீங்கின காலோடு கீழே குதித்துவிட்டார். "இரும்புத்தாது மூக்கா! நல்ல சாமான்!" என்றார். என் ஜீப் நம்பரும் நாற்பத்தேழில்தான் முடியும். "உங்க வண்டி ராசி" என்று என்னைத் தட்டிக்கொடுத்து, வெள்ளிமலையில் போண்டாவும் டீயும் வாங்கித் தந்தார். நான் நாலு போண்டா தின்றேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

முகாம் முடிந்து அவர்கள் போனார்கள். நான் மறந்துபோனேன்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் மூக்கனின் மகள் மணிமொழி வண்டியில் ஏறினாள். வெள்ளிமலையில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிற பெண். கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு செக்போஸ்டில் எல்லா வண்டியையும் நிறுத்தி, சீட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போது போனை நீட்டினாள்.

"டைவர் மாமா, ஊராட்சி ஆபீஸ் செவுத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கறாங்க, பாத்தியா? நம்ம கரட்ட சுரங்கத்துக்கு ஏலம் வுட்டுட்டாங்களாம். யாரோ கம்பெனி எடுத்துட்டானாம்."

"எந்தக் கரட்ட?"

"சாமி கரட்டதான். அறுபது எக்டேராம். படமே போட்டிருக்குது சர்க்கார் சைட்ல."

பச்சையும் மஞ்சளுமாக மலைப்படம். நடுவில் சிவப்பாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு புள்ளி. அவள் விரலால் பெரிசாக்கினாள். 'பாறை மாதிரி எண் 47. இரும்புத்தாது' என்று எழுதியிருந்தது.

வரிசை நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வளைவு அத்தனையும் பேசாமல் ஓட்டினேன். மணிமொழி, "உடம்பு சரியில்லயா மாமா?" என்று கேட்டாள்.

மூக்கன் கொல்லையில் இருந்தான். சாமை முழங்கால் உயரம் வந்து, தூர் கட்டுகிற பருவம். மூக்கன் வேலி ஓரம் பன்றிக்குப் பயந்து முள் அடைத்துக்கொண்டிருந்தான், அவன் பெண்டாட்டி வெள்ளச்சி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேட்டில் அந்தக் கருப்புப் பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். மூக்கன் முள்ளைக் கீழே போட்டான்.

"எனக்கு நேத்தே தெரியும். மணி ஊட்ல படிச்சிக் காட்டுனப்பவே நாப்பத்தேழுன்னு காதுல வுழுந்துச்சு."

"இன்னா தெரியும்?" வெள்ளச்சி நிமிர்ந்தாள். "நீங்க ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு இருக்கறீங்க?"

மூக்கன் சொன்னான். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். என்னை மட்டும் விட்டுவிட்டான். நான் சொன்ன வார்த்தையை அவன் சொல்லவே இல்லை.

வெள்ளச்சி கையிலிருந்த களையை உதறாமலே நின்றாள்.

"எந்தக் கல்லு? கொத்து மழுங்குது, கொத்து மழுங்குதுன்னு நான் வருசா வருசம் திட்டுவனே, அந்தக் கல்லா?"

"அதான்."

"அத எடுத்து சாமி கல்லுன்னு குடுத்தியா?"

"ஆமா."

"அப்ப கரட்டுல ஒன்னுமில்ல. இங்கதான் இருக்குது."

"ஆமா."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ரெண்டு ஏக்கர் முப்பது சென்ட். அவள் கையால் கல் பொறுக்கி, வரப்புக்கட்டி உண்டாக்கியது. காட்டு இலாகாக்காரர்கள் ரெண்டு தடவை பயிரைப் பிடுங்கிப் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் மனுக் கொடுத்து, கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் என் வண்டியிலேயே அலைந்து, போன பங்குனியில்தான் வன உரிமைப் பட்டா வந்தது. வெள்ளச்சி பேரில். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமைக் குதிருக்குள் வைத்திருந்தாள், எலி கடிக்காமல் இருக்க.

"த பாரு" என்றாள். "வாய மூடிக்கினு இரு. கட்டம் கரட்டுல இருக்குது. நம்ம கொல்ல கட்டத்துக்கு வெளிய இருக்குது. யாரு கேட்டா உன்ன?"

"கரட்ட ஒடைப்பாங்க வெள்ளச்சி."

"ஒடைக்கட்டும். ஊரு இல்ல? ஊர்க்கவுண்டரு ராஜதுரை இல்ல? சண்ட போடட்டும். சாமிக்கு ஊரே இருக்குது. எனக்கு யாரு இருக்கறாங்க?"

"என்னாலதான வந்துச்சு."

"உன்னாலதான் வந்துச்சு! ரெண்டு வாட்டி பயிர புடுங்குனப்ப நான் மண்ணுல வுழுந்து அழுதனே, சாமி வந்துச்சா? உன் சாமி வந்துச்சா அப்ப?"

மூக்கன் கீழே போட்ட முள்ளை எடுத்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னான்.

"ஏழு வருசமா நான் கரடு ஏறல. காலு நோவுதுன்னு சொல்லிக்கினு பலகைக்கல்லுகிட்டயே நிக்கறேன். உனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் வெள்ளச்சி. "பொண்டாட்டிக்குத் தெரியாதா? எதுக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு."

பிறகு குனிந்து களை பிடுங்கத் தொடங்கினாள். மழைத் தூறல் விழுந்தது. நாங்கள் யாரும் ஒதுங்கவில்லை.

புரட்டாசி முதல் வாரம், வெள்ளிமலை சமுதாயக் கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் நாலு அதிகாரிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கம்பெனிக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்திருந்தது. நான் நொச்சிவளவு ஆட்களை மூன்று நடை ஏற்றி வந்து இறக்கிவிட்டு வாசலில் நின்றேன்.

ஊர்க்கவுண்டர் ராஜதுரை மைக்கைப் பிடித்தார். ஊருக்குத் தலைவர், பெரிய மனிதர், ஆனால் மைக்குக்குப் பழக்கமில்லாதவர்.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அந்தக் கரட்டுல இரும்பு ஏறுனது இல்லீங்க. ஊசிகூட ஏறாதுங்க. நீங்க மிசினு கொண்டாந்து தோண்டறோம்னு சொல்றீங்க. நாங்க எங்கங்க போறது?"

கம்பெனிக்காரர் கெட்டவராகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஐயா, உங்க நம்பிக்கைய நாங்க மதிக்கிறோம். ஆனா பாருங்க, சாமியே இரும்பு மேலதான் உக்காந்திருக்குது. ரிப்போர்ட் அப்படித்தான் சொல்லுது."

கூடத்தில் சத்தம் எழுந்தது. ராஜதுரை மைக்கைக் கீழே இறக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். இரும்பே ஆகாத சாமியை இரும்பு என்று சொல்கிறானே என்ற திகைப்பு அது.

அப்போது மூக்கன் எழுந்தான். மைக் வாங்கவில்லை.

"அது கரட்டுக் கல்லு இல்லீங்க."

"யாருப்பா நீ?"

"மூக்கனுங்க. அந்தக் கல்ல ஒடச்சி எடுத்தது நானுங்க. கரட்டுல இரும்பு ஏறக்கூடாதுன்னு, வேற எடத்துல எடுத்து பையில போட்டுட்டனுங்க."

நடுவில் இருந்த அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"எந்த எடத்துல?"

மூக்கன் பெண்கள் பக்கம் பார்த்தான். வெள்ளச்சி மூன்றாவது வரிசையில் இருந்தாள். வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கொல்லயிலங்க."

"பொய் சொன்னா கேஸ் ஆகும், தெரியுமா?"

"பொய்ய அன்னிக்கே சொல்லிட்டனுங்க. இது நெசம்."

"யாரு சொல்லி மாத்துனே? ஊர்க்காரங்க சொன்னாங்களா?"

மூக்கனின் கண் கூட்டத்துக்கு மேலே வந்து வாசலில் நின்ற என்மேல் ஒரு நொடி நின்றது.

"யாரும் சொல்லலீங்க. நானாதான்."

நான் அங்கேயே நின்றேன். இன்ஜினுக்கு மேலே கத்துகிற வாய், தேவையில்லாத இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஏன் பேசவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம். வண்டி, பர்மிட், கேஸ் என்று என்னென்னவோ மண்டைக்குள் ஓடியது. வேறொன்றும் பெரிய காரணம் கிடையாது.

இருபது நாளில் அன்புச்செல்வனே வந்தார். முன்நெற்றி ஏறிப்போய், கண்ணாடி போட்டிருந்தார். மூக்கனைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை, அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஏன் மூக்கா, அன்னைக்கே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்கத்துச் சதுரத்துல எடுத்துட்டுப் போயிருப்பேனே. அதுக்கு எங்க விதியிலயே இடம் இருக்குது. அந்த எண்ணுக்கு நேரா 'எடுக்க இயலவில்லை'ன்னு எழுதியிருப்பேன், முடிஞ்சிருக்கும்."

"நீங்க ஆபீசருங்க. முடியாதுன்னு எப்புடிங்க சொல்றது?"

அன்புச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "வானத்துல பறந்து எடுத்த படத்துல இந்த வட்டாரம் மொத்தமும் லேசா காந்தம் காட்டுது. எந்த இடம்னு அது சொல்லாது. நீ குடுத்த கல்லுதான் இடத்தச் சொல்லுச்சு" என்றார்.

பலகைக்கல் அருகே ஊரே கூடியிருந்தது. அன்புச்செல்வன் அவர்களிடம் பொறுமையாகச் சொன்னார்: பழைய கல் தப்பு என்று எழுதவேண்டுமானால் உச்சியிலிருந்து சரியான கல் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் கட்டம் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கும்.

ராஜதுரை ரெண்டு ஆட்களை வெறுங்கையோடு மேலே அனுப்பினார். கூழாங்கல்லால் இடித்துப் பார்த்துவிட்டு, உதிர்ந்த கல் பொறுக்கு ஒரு கைப்பிடியோடு இறங்கி வந்தார்கள். அன்புச்செல்வன் விரலால் தேய்த்தார், உதிர்ந்தது.

"இது வெயில்லயும் மழையிலயும் செத்துப்போன மேல்தோல். உள்கல்லு வேணும். சுத்தியல் இல்லாம முடியாதுங்க."

ராஜதுரை கரட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நாங்க ஏறுன்னும் சொல்லல" என்றார் கடைசியில். "ஏறாதன்னும் சொல்லல."

முப்பது வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட முன்னால் வரவில்லை. எல்லோருக்கும் கரடு பிழைக்கவேண்டும், எவன் கையும் அதில் படக்கூடாது. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

மூக்கன் செருப்பைக் கழற்றினான். இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியைப் பலகைக்கல்மேல் வைத்தான். பிறகு அன்புச்செல்வன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டான். அவர் ஜி.பி.எஸ். கருவியோடு பின்னால் ஏறினார். ஏழு வருஷம் ஏறாத கரட்டை இரும்போடு ஏறினான்.

கீழே சத்தம் கேட்டது. டங், டங் என்று, வெட்டவெளியில் நன்றாகவே கேட்டது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் உட்கார்ந்து மண்ணை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வெள்ளச்சி மட்டும் காதைப் பொத்தவில்லை. ஒவ்வொரு அடியையும் எண்ணுகிறவள்போல நின்று கேட்டாள்.

இறங்கி வந்தபோது மூக்கன் கையில் வெள்ளைக் கல் இருந்தது. அன்புச்செல்வன் காந்தத்தை வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. திருப்பி வைத்தார், மறுபடியும் விழுந்தது.

"இதுல ஒன்னும் இல்ல" என்றார்.

ராஜதுரை கையெடுத்துக் கும்பிட்டார், கரட்டைப் பார்த்து. கூட்டத்தில் சிலர் அழுதார்கள். மூக்கன் பக்கத்தில் யாரும் வரவில்லை. அவன் நின்ற இடத்தைச் சுற்றி மெதுவாக ஒரு இடைவெளி உண்டானது.

மத்தியானம் கொல்லைக்குப் போனார்கள். கருப்புப் பாறையில் காந்தம் ஒட்டிக்கொண்டது. சாமைக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய கட்டைகள் நாலு அடித்தார்கள். வெள்ளச்சி கதிர் மிதிபடாமல் அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"சார், எங்கிட்ட பட்டா இருக்குது" என்றாள். ஓடிப்போய்க் குதிரிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

அன்புச்செல்வன் அதை ரெண்டு கையாலும் வாங்கி முழுக்கப் படித்தார். "இது மேல்மண்ணுக்குத்தாம்மா. அடியில இருக்கறது அரசாங்கத்துது. ஊர்க் கூட்டத்துல சம்மதம் கேப்பாங்க. நஷ்டஈடு வரும். நீங்க எதிர்த்து மனுக் குடுக்கலாம். குடுங்க" என்றார்.

சம்மதம் கேட்டார்கள். கரடு தப்பித்த சந்தோஷத்தில் இருந்த ஊர், ஒரு வீட்டுக் கொல்லைக்காகக் கம்பெனியோடும் சர்க்காரோடும் மறுபடி மல்லுக்கட்டத் தயாராக இல்லை. முப்பது வீட்டில் எதிர்த்துக் கை தூக்கியது இரண்டு பேர்தான், வெள்ளச்சியும் மணிமொழியும். மூக்கன் கூட்டத்துக்குப் போகவில்லை. கட்டம் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் நகர்ந்தது. சர்க்கார் சைட்டில் புதுப்படம் போட்டார்கள். மணிமொழி எனக்குக் காட்டினாள். கரடு பச்சையாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் சாமை அறுத்தார்கள். அந்த வருஷம் கதிர் அப்படி. மூக்கன் கட்டுக் கட்டாகச் சுமந்து களத்தில் போட்டான், வெள்ளச்சி கோலால் அடித்து, முறத்தில் தூற்றி, ஏழு மூட்டை கட்டினாள். ஏழு மூட்டை அந்தக் கொல்லையில் எப்போதும் விளைந்தது கிடையாது. ஒத்தாசைக்கு ஊரில் யாரும் வரவில்லை. முந்தியெல்லாம் ஒரு வீட்டுக் கதிரடிப்புக்கு நாலு வீட்டிலிருந்து வருவார்கள். நான் ரெண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூற்றப் போனேன். எனக்குத் தூற்றத் தெரியாது, தூசியெல்லாம் கண்ணில்தான் விழுந்தது.

நொச்சிவளவில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமையை எடுத்த எடுப்பில் யாரும் தின்னமாட்டார்கள். வீட்டுக்கு ஒரு படி சேர்த்துக் கரட்டில் பொங்கல் வைத்து, சாமிக்குப் படைத்த பிறகுதான் வீட்டு உலையில் புதுசு போடலாம். அதுவரைக்கும் பழசு, இல்லாவிட்டால் ரேஷன் அரிசி. படி சேராத வீட்டுக்கு அந்த வருஷம் புதுசே கிடையாது.

மார்கழி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது நான் மூக்கன் வீட்டுக்குப் போனேன். நல்ல குளிர், காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. போன நேரத்தில் ராஜதுரைக் கவுண்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு படிச் சாமை, துணியில் முடிந்தது. அது வெள்ளச்சி முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தது.

"தப்பா எடுத்துக்காத வெள்ளச்சி" என்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உன் வூட்டுக்காரன் இல்லன்னா கரடு இல்ல. அது எனக்குத் தெரியாதா? ஆனா சாமி மேல இரும்பு போட்ட கை. அந்த வூட்டுச் சாமைய பானையில போட ஊரு ஒத்துக்கல. ஒரு வருசமோ, மூணு வருசமோ. பொறவு ஊரு கூடிச் சொல்லும்."

"மூணு வருசத்துல எனக்குக் கொல்ல எங்க இருக்கும் கவுண்டரே?"

அவர் முடிச்சை வாசற்படியில் வைத்தார். வைத்துவிட்டு, கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கி இறக்கிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை.

வெள்ளச்சியின் பின்னால் நானும் உள்ளே போனேன், ஏழு மூட்டையும் சுவரோரம் அடுக்கியிருந்தது. வீடு முழுக்கப் புதுச்சாமை வாசனை. மூக்கன் அடுப்புப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரமாக வந்தது. ஊர்மேலா, சாமிமேலா, என்மேலா என்று தெரியாத ஆத்திரம்.

"அந்தச் சோத்த எறக்கி வையி வெள்ளச்சி. புதுச் சாமைய எடுத்துப் போடு. உங்கொல்லயில வெளஞ்சது, கடைசி வெளச்சல். கதவச் சாத்திக்கினு துன்னுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

மூக்கன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கோபமே இல்லாத முகம்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன பிரகாசு."

வெள்ளச்சியின் கரண்டி குழம்புச் சட்டிக்குள் நின்றது.

"என்னிக்கு?" என்றாள். அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். "என்னிக்குச் சொன்னாரு?"

"ஒன்னுமில்ல. வண்டிக்கு நேரமாவுதுன்னு ஏதோ சொன்னாரு. நீ சோத்தப் போடு."

இப்போதும் என்னை மறைக்கிறான். ஏழு மூட்டைச் சாமைக்கு முன்னால் ரேஷன் சோற்றுக்கு உட்கார்ந்துகொண்டு என்னை மறைக்கிறான். அதற்குமேல் முடியவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றேன். "பலகைக்கல்லுகிட்ட இவன் சுத்தியல வெச்சிக்கினு முழிச்சிக்கினு நின்னான். உங்கொல்லயில இருக்குற கல்ல ஒடச்சிப் போடுன்னு நாந்தான் சொன்னேன் வெள்ளச்சி. இவனுக்கு அது தோணியே இருக்காது. எனக்குப் பனி எறங்கிடுமேன்னு அவசரம்."

சோறு பொங்கி விளிம்பில் வழிந்தது. அவள் மூடியைத் தள்ளினாள், தீயை இழுத்துக் குறைத்தாள். நிதானமாக வடித்தாள். அழுவாள், கத்துவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தட்டில் சோற்றைப் போட்டு, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"சொன்னது இருக்கட்டும்" என்றாள். "வாய் தவறி யாரு வேணாலும் சொல்லுவாங்க. அன்னிக்கு அந்தக் கூடத்துல ஆபீசரு கேட்டாரே, யாரு சொல்லி மாத்துனன்னு. நீ வாசல்லதான நின்ன? அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவரு ஒண்டியா நின்னிருக்க மாட்டாரு."

தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"துன்னு. ஆறிடப் போவுது."

தலையைக் குனிந்து தின்றேன். ரேஷன் அரிசி, கொஞ்சம் புழுங்கல் நாற்றம். மூக்கன் பக்கத்தில் அவன் தட்டில் அதையே தின்றுகொண்டிருந்தான். என் முதுகுக்குப் பின்னால் ஏழு மூட்டை இருந்தது. வெளியே வாசற்படியில் ராஜதுரை வைத்துவிட்டுப் போன ஒரு படிச் சாமையை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.